வாட்டும் முழக்கமும்

1901-இல் லண்டனில் ஹூபர்ட் சிசில் பூத் காப்புரிமை பெற்ற தூசி உறிஞ்சும் இயந்திரம் குதிரை வண்டியில் ஏறித் தெருவில் நிற்க, அதன் நீண்ட குழாய்கள் மட்டுமே சன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தன. இன்று ஒரு கையால் தூக்கத்தக்க மலிவுக் கருவியை நாடும் குடும்பத்தலைவரோ, பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எண்ணையே வேதவாக்காகக் கொள்கிறார். வாட் என்பது மோட்டார் உண்ணும் மின்திறனின் அளவேயன்றி உறிஞ்சும் வலிமையின் அளவன்று என்பதும், ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் 900 வாட் உச்சவரம்பு விதித்த பின்னும் அங்குள்ள கம்பளங்கள் புழுதியில் புதையவில்லை என்பதும் அவரை அசைப்பதில்லை. எடை குறைந்தால் குப்பை தங்கும் கலமும் சிறுக்கும். நுண்துகளைத் தடுக்கும் வடிகட்டியைத் துப்புரவு செய்யாவிடில் காற்றோட்டம் அடைபட்டு, கருவி முழங்குவதோடு நின்றுவிடும். அம்முழக்கத்தையே ஆற்றலுக்குச் சான்றாகக் கொள்வோரும் உளர். அவர்களை மலிவுக் கருவிகள் ஏமாற்றுவதேயில்லை.