யாருக்குச் சொந்தமுங்க?

கேள்வி: கோவை டி.பி. ரோட்டில் யாரிடம் பேசினாலும் 'எந்த ஊருங்க, யாருக்குச் சொந்தமுங்க?' என்கிறார்கள். இந்த உறவு வலையைச் சமூகவியலாளர்கள் எப்படி ஆராய்கிறார்கள்?
– வாசகி, ஆர்.எஸ்.புரம்

பதில்: அவர்களும் அதையேதான் கேட்கிறார்கள், பதிலை எழுதிவைத்துக்கொள்கிறார்கள்! அவசரத்துக்கு யாரிடம் கைமாத்து வாங்குவீர்கள், வேலைக்குச் சொல்லிவிட்டது யார் என்று விசாரித்து, ஆளைப் புள்ளியாகவும் உறவைக் கோடாகவும் வரைகிறார்கள். திருப்பூர் பனியன் தொழிலை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் (இருவரும் பொருளாதார அறிஞர்கள் என்றாலும் விஷயம் இதே உறவு வலைதான்) 2004-இல் எழுதினார்கள்: சொந்தபந்தத்தின் பணபலம் இருந்த கவுண்டர் முதலாளிகள் பெரிய முதலோடு தொடங்கினார்கள். வெளியிலிருந்து வந்தவர்களோ குறைந்த முதலோடு தொடங்கியும் உற்பத்தியில் வேகமாக வளர்ந்தார்கள். பங்காளி பலமில்லாத திறமைசாலிக்கும் வங்கிக் கடன் கிடைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.