அஞ்சு கிலோ அரிசியும் ஒரு குதிகாலும்

“எப்படி ஆச்சு?”

கோயம்புத்தூர் வடவள்ளியில் நொண்டி நொண்டி நடக்கும் நம்மவரைப் பார்த்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்கும்போதே அவர்கள் கண்ணில் ஓர் ஆவல் மின்னும். மருதமலை அடிவாரத்தில் விடியற்காலையில் தனியாக ஓடுகிற ஆளாயிற்றே, யானை துரத்தியிருக்கும். யானை இல்லாவிட்டாலும் ஒரு காட்டுப் பன்றியாவது முட்டியிருக்கும் என்று காத்திருப்பார்கள்.

நம்மவரிடம் சொல்வதற்குத்தான் ஒன்றும் இல்லை. அவர் விழவில்லை, வழுக்கவில்லை, எதன் மீதும் மோதவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் காலை வைத்தார். வலது குதிகாலுக்குச் சற்று மேலே யாரோ குறடு போட்டுப் பிடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். “தூங்கி எழுந்தேன், வலிச்சுதுங்க” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் முகம், இடைவேளையில் கரண்ட் போன தியேட்டர் மாதிரி இருண்டுவிடும்.

நம்மவருக்கு 44 வயது. பம்ப்செட் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. காலை ஐந்தரைக்கு அடிவாரத்து மண்பாதையில் இருப்பார். தார் ரோட்டில் ஓடுகிறவர்களை அவர் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார். ரோட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் வித்தியாசமே இருக்காது. மண்பாதையில் ஓர் அடி சரளை, அடுத்த அடி வேர், அதற்கடுத்த அடி உன்னிமுள். நடுவில் மயில் குறுக்கே போகும். யானைச் சாணம் கிடந்தால் குனிந்து பார்க்க வேண்டும்: காய்ந்திருந்தால் மேலே போகலாம், ஆவி பறந்தால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். அவருடைய செல்போன் செயலியில் இன்றுவரை உள்ள அதிவேகக் கிலோமீட்டர், ஆவி பறந்த ஒரு நாளில் வீட்டை நோக்கி ஓடியபோது பதிவானதுதான்.

வலிக்குக் காரணம் யானையும் அல்ல, பாதையும் அல்ல. நீலகிரியில் நடக்கவிருந்த 30 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்குப் பணம் கட்டிவிட்ட உற்சாகத்தில், வாரத்துக்கு 25 கிலோமீட்டராக இருந்த ஓட்டத்தை ஐந்தே வாரத்தில் 55 ஆக்கினார். போதாததற்கு ஏற்றங்கள் வேறு. மூச்சு அதற்குப் பழகிவிட்டது, தொடைச் சதையும் பழகிவிட்டது. அக்கிலிஸ் எனப்படும் குதிகால் தசைநாண் மட்டும் மறுத்துவிட்டது. உடம்பில் உள்ள நாண்களிலேயே தடித்தது, வலுவானது அதுதான். ஓடும்போது உடல் எடையைப் போல ஆறேழு மடங்கு சுமையைத் தாங்குகிறது. ஆனால் ரத்த ஓட்டம் குறைவு, அதனால் புதிய சுமைக்குப் பழகுவதும் மெதுவாக, பழுதானால் தேறுவதும் மெதுவாக. மாதா மாதம் அடுத்தவர் செலவுக் கணக்கில் சிவப்பு மையால் சுழிக்கும் மனிதர், தன் கால் கணக்கில் கோட்டை விட்டார்.

பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அக்கிலிஸை அவன் தாய் தெய்வ நதியில் முக்கி எடுத்தபோது பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையாமல் போக, கடைசியில் அங்கேதான் அம்பு பாய்ந்தது என்பது கிரேக்கக் கதை. நம் பக்கத்திலும் கண்ணனின் அவதாரத்தை முடித்து வைத்தது, பாதத்தில் பட்ட ஒரு வேடனின் அம்பு. புராணக்காரர்கள் எல்லாருமே காலில்தான் கைவைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, வைத்தியர்கள். தமிழ்நாட்டில் எலும்பையும் சதையையும் கழித்துவிட்டால் உடம்பில் மிச்சம் உள்ளதெல்லாம் நரம்புதான். “நரம்பு சுருண்டிருக்கும்” என்றார் பால்காரர். “நரம்பு பிசகியிருக்கும்” என்றார் இஸ்திரிக்காரர். அம்மா முடக்கத்தான் தோசையை ஆரம்பித்தார், மூன்று வேளையும். அலுவலகத்தில் ஒருவர் புத்தூர் கட்டுப் போடச் சொன்னார். எலும்பு முறியவில்லையே என்றதற்கு, “முறியறதுக்கு முன்னாடியே போட்டுக்கிட்டா நல்லதுங்க” என்றார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார் மட்டும் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஈஸிசேரில் சாய்ந்தபடி ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: “ஆட்டுக்கால் சூப்புங்க தம்பி. இதுக்கு வேற வைத்தியமே கிடையாது.”

ஓட முடியாதவனுக்கு இரவுகள் நீளம். தன் காலுக்குத்தான் கதை இல்லை, பிறத்தியார் கதைகளையாவது படிப்போம் என்று உட்கார்ந்தார். படித்ததில் தெரிந்தது: நூறு மைல் மலை ஓட்டம் என்ற விளையாட்டே ஒரு நொண்டலில் பிறந்ததுதான். அதுவும் குதிரையின் நொண்டல். கலிபோர்னியாவில் டெவிஸ் கோப்பை என்று ஒரு குதிரைப் பந்தயம். நூறு மைலை 24 மணி நேரத்தில் கடக்க வேண்டும். 1973இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரைக்குப் பாதி வழிகூடப் போகுமுன் கால் நொண்டிவிட்டது. அடுத்த ஆண்டு மனிதர் குதிரையே இல்லாமல் வந்து, குதிரைகளோடு தானும் ஓடினார். 23 மணி 42 நிமிடத்தில் ஊர் போய்ச் சேர்ந்தார். இன்று உலகப் புகழ்பெற்ற வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

2017இல் ஸ்பெயின் நாட்டுக் கிலியன் யோர்னே, அமெரிக்காவின் ஹார்ட்ராக் நூறு மைல் ஓட்டத்தில், 13ஆம் மைலை ஒட்டிய பனிச்சரிவில் விழுந்தார். தோள்மூட்டு இறங்கிவிட்டது. அதைத் தானே தள்ளி உள்ளே பொருத்திக்கொண்டு, கையைத் தூளியில் தொங்கவிட்டபடி மிச்ச மலைகளையெல்லாம் ஏறி இறங்கி, 24 மணி 32 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். இதைப் படித்த நம்மவர் தன் குதிகாலைக் குனிந்து பார்த்தார். கட்டிலிலிருந்து இறங்கியது. எத்தனை முறை எப்படிச் சொன்னாலும் கட்டிலிலிருந்து இறங்கியதுதான்.

முதல் இரண்டு வாரம் சுயவைத்தியம். 1978இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் தன் புத்தகத்தில் அடிபட்ட விளையாட்டு வீரர்களுக்கு நான்கு கட்டளைகளைச் சொன்னார்: ஓய்வு, ஐஸ், அழுத்திக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல். நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்தால் ‘ரைஸ்’, அதாவது அரிசி. உலகமே ஐஸ் வைத்தது. 2014இல் அதே மிர்கின், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் பேச்சைத் தானே திருத்திக்கொண்டார். 2020இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் வேறு இருவர் ‘பீஸ் அண்ட் லவ்’ என்று புதிய எழுத்துக்கூட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் ஐஸுக்கு இடமில்லை. அரிசியிலிருந்து அன்புக்கு வர மருத்துவத்துக்கு நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. நம்மவரோ, திடீர் அடிக்குச் சொன்ன வைத்தியத்தைத் தேய்மான வலிக்குச் செய்துகொண்டு, ஃப்ரீஸரில் இருந்த பட்டாணிப் பாக்கெட்டைக் குதிகாலில் கட்டி உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் வீட்டில் பட்டாணிக் குருமாவை யாரும் தொடவில்லை.

பிறகுதான் பிசியோவிடம் போனார். அந்தப் பெண் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, ஒரு சுவீடன்காரரின் கதையைச் சொன்னார். உமேயா என்ற ஊரில் ஹோகான் அல்ஃபிரெட்சன் என்று ஓர் எலும்பு மருத்துவர். அவரும் ஓடுகிறவர், அவருக்கும் இதே வலி. அறுவை சிகிச்சை செய்யச் சொன்னபோது, அத்தனை நாள் லீவு தர முடியாது என்று மேலதிகாரி மறுத்துவிட்டார். நாண் அறுந்தால் வெட்டித்தானே ஆக வேண்டும் என்று அல்ஃபிரெட்சன் அதை வேண்டுமென்றே வதைக்க ஆரம்பித்தார். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை அந்தரத்தில் விட்டு, பாரத்தோடு கீழே இறக்கி இறக்கி வாட்டினார். நாண் அறுவதாக இல்லை. வலிதான் போய்விட்டது! 1998இல் பொழுதுபோக்காக ஓடும் 15 பேருக்கு 12 வாரம் இதையே கொடுத்துப் பார்த்தார். 15 பேரும் மறுபடி ஓடினார்கள்.

லீவு கொடுக்காத ஒரு மேலதிகாரி மனித குலத்துக்குச் செய்த நன்மை என்று நம்மவர் இதை அலுவலகத்தில் சொல்லவில்லை. சொன்னால் விபரீதமாகப் போகும்.

கணக்கு இதுதான்: முழங்காலை நேராக வைத்து 15 முறை, மூன்று சுற்று, முழங்காலை மடக்கி 15 முறை, மூன்று சுற்று, காலையும் மாலையும். ஆக நாளுக்கு 180. மாடிப்படியின் விளிம்பில், சுவரைப் பார்த்தபடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கி இறங்கி எழுவதை அம்மா மூன்று நாள் பார்த்தார். நாலாம் நாள், “கண்ணு, இதையே அந்தப் பிள்ளையாருக்கு முன்னால தோப்புக்கரணமாப் போட்டிருந்தீன்னா புண்ணியமாவது கெடச்சிருக்கும்” என்றார்.

நாலாவது வாரத்தில் வலி அடங்கியதும் முதுகுப் பையில் பாரம் ஏற்ற வேண்டும் என்பது விதி. மலைக்குத் தூக்கிப்போகும் பையில் அஞ்சு கிலோ பொன்னி அரிசியைப் பாக்கெட்டோடு போட்டார். சிகிச்சை மறுபடி அரிசிக்கே வந்து சேர்ந்தது. பயிற்சி முடிந்ததும் பையைச் சமையலறை வாசல் ஆணியில் மாட்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நீச்சல் குளத்தில் இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, ஆழமான பக்கத்தில் நின்ற இடத்திலேயே ஓடிப் பார்த்தார். அரை மணி நேரம் ஓடியும் அரையடிகூட நகராத அவரைப் பார்த்துப் பதறிய ஒரு சிறுவன், “அங்கிள், கையக் குடுங்க!” என்று தரையில் குப்புறப் படுத்துக் கைநீட்டினான். அதோடு அங்கே போவதை நிறுத்திக்கொண்டார்.

நீலகிரி ஓட்டத்துக்குக் கடைசியில் தன்னார்வலராகப் போனார். தேயிலைத் தோட்டத்து ஓரம் மேஜை போட்டு, தர்ப்பூசணியை வெட்டி உப்புத் தூவி, வேகவைத்த உருளைக்கிழங்கோடு அடுக்கி வைத்தார். பனியும் குளிரும் மண் வாசனையும் அவருக்குப் போதுமாக இருந்தன. பத்து மணிவாக்கில் ஓர் இளைஞர் நொண்டியபடி வந்தார். நம்மவர் கத்தியைக் கீழே வைத்தார். “எப்படிங்க ஆச்சு?” என்றார், கண் மின்ன. “ஒண்ணும் ஆகலைங்ணா. தானா வலிக்குதுங்” என்றது பதில். நம்மவருக்குச் சப்பென்று போய்விட்டது.

பன்னிரண்டாவது வாரத்துக் கடைசி நாள், அடிவாரத்தில் மூன்று கிலோமீட்டர் ஓடினார். வலி இல்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மனைவியிடம் அளக்க ஆரம்பித்தார். ஆரம்பத்தில் தோளை அறுத்த பை, போகப் போகப் பஞ்சு மாதிரி ஆகிவிட்டதாம். அஞ்சு கிலோ முதுகில் இருப்பதே தெரியவில்லையாம்.

“ஏனுங்க, அதுல எங்கீங்க அஞ்சு கிலோ இருக்குது?” என்றார் மனைவி.

இட்லிக்கு ஊறப்போடும்போது குறைந்தால் ஒரு பிடி, விருந்தாளி வந்தால் ஒரு டம்ளர். டிரம்மைத் திறந்து குனிந்து எடுப்பதைவிட ஆணியில் தொங்கிய பை கைக்கு வாட்டமாக இருந்ததாம். தராசில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு கிலோ எண்ணூறு.

சுவீடன் கணக்குப்படி பாரம் ஏறிக்கொண்டே போயிருக்க வேண்டும். நம்மவர் வீட்டில் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. அப்படியும் கால் தேறியிருக்கிறது. எது எப்படியோ, இத்தனை நாள் இல்லாத ஒன்று இப்போது அவரிடம் இருந்தது: சொல்வதற்கு ஒரு கதை.

மறுநாள் காலை ஷூவைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டில் வாத்தியார் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.

“கால் சரியாயிருச்சாட்ட இருக்குது?”

நம்மவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஆமாங்க சார். அது ஒரு பெரிய கதைங்க. சுவீடன்ல ஒரு டாக்டரு...”

“நாந்தான் அன்னைக்கே சொன்னேனில்லீங்க தம்பி,” என்றார் வாத்தியார், பேப்பரை உயர்த்தியபடி. “சூப்பு.”