செக்கிங் மாஸ்டரின் வெள்ளிக்கிழமை

ஒரு பனியனை எடுத்து, புரட்டி, உள்பக்கம் திருப்பி, நல்லது, செகண்ட்ஸ், ரிஜெக்ட் என்று மூன்றில் ஒரு குவியலில் வீச மாஸ்டருக்கு 20 விநாடி போதும். தையல் விட்டிருந்தாலோ, ஓட்டை விழுந்திருந்தாலோ, ஆயில் கறை இருந்தாலோ அந்த இடத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார். கழுத்தில் மாப்பிள்ளை மாலை மாதிரி இஞ்ச் டேப் தொங்கும். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் 20 வருடமாக இதே வேலை. இந்தக் கையும் கண்ணும் சினிமா பார்க்கப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

யோசிக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அது நடக்கிறது. அன்றைக்கு மாஸ்டருக்கு அரை ஷிப்ட் லீவு. கம்பெனியில் காரணம் கேட்டால் வீட்டுக்கு ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்திருப்பதாகச் சொல்வார். வருடத்துக்கு 52 தடவை ஒறம்பரை வருகிற ஒரே வீடு அவிநாசியில் அவருடையதுதான். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுவார். அதற்குக் கூலியாக, படம் விட்டதும் தியேட்டர் வாசலில் அவருடைய போனை நெஞ்சுயரத்துக்குப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும். ஆம், மாஸ்டர் யூடியூபில் சினிமா விமர்சகர். சப்ஸ்கிரைபர்கள் 800 சொச்சம். அதில் பாதிப் பேர் கம்பெனிக்குப் பனியன் தைத்துக் கொடுக்கிற பவர்டேபிள்காரர்கள். மாஸ்டர் பாஸ் பண்ணினால்தான் அவர்களுக்குக் கூலி. ஆகவே லைக்கும் உண்டு.

அவருடைய விமர்சன அகராதியில் மொத்தம் ஆறு சொற்கள். லேக், கனெக்ட், பிஜிஎம், மாஸ், கிரிஞ்ச், ஒர்த்து. இவற்றை முன்னே பின்னே மாற்றிப் போட்டு எந்தப் படத்தையும் முடித்துவிடுவார். “ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகேங், செகண்ட் ஹாஃப் லேக்குங்” என்ற வரியை நான் எத்தனை தடவை படம்பிடித்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒருமுறை தூக்கத்தில் அதை நானே சொன்னதாக வீட்டில் புகார்.

மார்க்கும் உண்டு. அந்தக் காலத்தில் ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மார்க் கொடுத்ததை மாஸ்டர் இன்னமும் மரியாதையோடு சொல்வார். “அந்த அரை மார்க் இருக்குது பாருங், அதுதானுங் செக்கிங்” என்பார். பனியன் வாங்குகிற பையருடைய அளவு சார்ட்டில் அரை இஞ்சுக்குமேல் கூடினாலோ குறைந்தாலோ பீஸ் போச்சு என்பது அவர் தொழில். அரையின் அருமை அவருக்குத் தெரியும்.

2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள், யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்களே, அந்த வாரம் மாஸ்டர் நடந்த நடையைப் பார்க்க வேண்டும். ‘இந்தியன் 2’, ‘கங்குவா’ எல்லாம் தன்னால்தான் படுத்தன என்பதுபோல ஓர் அடக்கம். படம் வந்து முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று கோர்ட்டுக்கும் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை போட மறுத்துவிட்டது. தீர்ப்பு தனக்குத்தான் வந்தது என்று எனக்கு ஒரு டீயும் உளுந்து வடையும் வாங்கிக் கொடுத்தார். படம்பிடிக்கிற இடம் மட்டும் கேட்டுக்கு வெளியே, பேக்கரி பெஞ்சுக்கு மாறியது.

ஆனால் நான் சொல்லவந்தது அதற்கு மூன்று மாதம் முந்தைய கதை. 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைத் திறந்துவைத்தார்கள். பவானி ஆற்று உபரித் தண்ணீர் 1,045 குளம் குட்டைகளுக்கு வரும் என்று ஊரே வெடி வெடித்தது. இதற்காக அப்பன் காத்திருந்தான், மகன் காத்திருந்தான், உண்ணாவிரதம் இருந்தார்கள், ஒவ்வொரு தேர்தலிலும் ஒவ்வொரு கட்சியிடமும் வாக்குறுதி வாங்கி மடியில் முடிந்துவைத்தார்கள். அறுபது வருடக் காத்திருப்பு. சரியாக ஆறாம் நாள், 23-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, ‘கொட்டுக்காளி’ வெளியானது. அறுபது வருடம் காத்திருந்த ஊரால் நூறு நிமிடம் காத்திருக்க முடியவில்லை.

காமெடி நடிகர் சூரி படம் என்று நம்பி வந்திருந்தார்கள். பரோட்டா இல்லை, காமெடி இல்லை, பாட்டு இல்லை, பின்னணி இசை என்பதே இல்லை. ஆட்டோவிலும் பைக்கிலுமாக ஒரு குடும்பம், பேய் பிடித்ததாக அவர்கள் நினைக்கிற ஒரு பெண்ணைச் சாமியாரிடம் கூட்டிப் போகிறது. அவளுக்குப் பிடித்திருப்பது காதல். அந்தப் பெண்ணாக நடித்த அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்ட வாயே திறக்கவில்லை. பத்தாவது நிமிடம் மாஸ்டர் என் தொடையைத் தட்டினார்: “ஏனுங்ணா, சவுண்டு போயிருச்சுங்களா?” பின்னாலிருந்து ஒருவர் அதே சந்தேகத்தில் ஆபரேட்டரின் வம்சத்தை விசாரித்தார். வழியில் ஒரு காளை குறுக்கே நின்று மறிக்கிறது. வீராப்புப் பேசிய ஆம்பளைகள் எல்லாரும் தள்ளி நிற்க, ஒரு பொடிப்பெண் வந்து அதை வீட்டுக்குப் பின்னால் பொடக்கழிக்கு ஓட்டுகிற மாதிரி ஓட்டிப் போகிறாள். அந்த இடத்தில் மட்டும் மாஸ்டர் “ம்” என்றார். அதைக் குறித்துக்கொண்டேன். முடிவு என்று ஒன்றைச் சொல்லாமலே படம் முடிந்தது. விளக்குப் போட்ட பிறகும் ஐந்தாறு பேர் உட்கார்ந்தே இருந்தார்கள், இன்டர்வல் என்று நினைத்து.

வாசலில் போனைப் பிடித்தேன். 20 விநாடியில் தீர்ப்பு வந்தது. “படம் எங்கிருந்தோ கெளம்பி எங்கியும் போய்ச் சேரலைங். ஃபர்ஸ்ட் ஹாஃப் லேக்கு, செகண்ட் ஹாஃப் லேக்கு, நடுவுல முறுக்கு விக்க வந்தவன் மட்டும் ஸ்பீடு. ரிஜெக்ட்.”

நியாயமாகச் சொன்னால் மாஸ்டர் தனி ஆள் இல்லை. இப்படியொரு படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்திருக்க வேண்டாம் என்கிற மாதிரி இயக்குநர் அமீரே மேடையில் பேசினார். அதே நாளில் வந்த ‘வாழை’ படமோ ஓடிக்கொண்டிருந்தது. சீமையிலும் இந்தக் கதை உண்டு. 1960-இல் கான் விழாவில் அன்டோனியோனியின் ‘லவென்துரா’ ஓடியபோது கோட்டு சூட்டுக் கனவான்கள் உட்கார்ந்து கூச்சல் போட்டார்கள். அதே விழாவில் அது நடுவர் பரிசும் வாங்கியது.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் கேட்டேன். “மாஸ்டர், ஒரு வேட்டியை உங்க மேஜைல விரிக்கிறாங்க. நீங்க டீசர்ட் சார்ட்டை வெச்சுட்டு, கழுத்து எங்க, கை எங்க, காலர் எங்கன்னு தேடி, மூணும் இல்லைன்னு ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுவீங்களா?”

“அதெப்படிங், வேட்டிக்குக் கரை பாக்கோணும், நீளம் பாக்கோணும்.”

“அதைத்தான் சொல்றேன்.”

அவிநாசிக் கோயில் தேர் நிலை வரும்வரை மாஸ்டர் பேசவில்லை. அப்புறம், “லாஜிக்குன்னு ஒண்ணு வேண்டாமுங்களாண்ணா?” என்றார். நான் கோபுரத்தைக் காட்டினேன். இங்கேதான் முதலை விழுங்கிய பிள்ளை, சுந்தரர் பதிகம் பாடியதும் கரையேறி வந்தான். அதுவும் விழுங்கின வயதில் அல்ல. வெளியே இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருப்பானோ அவ்வளவு வளர்ந்து வந்தான். இத்தனை நூற்றாண்டில் அவிநாசியில் ஒரு ஆள் “முதலை வயித்துல அவன் எப்படிங் வளர்ந்தான்?” என்று கேட்டதில்லை. பதிகத்தை உட்கார்ந்து கேட்டார்கள், கேட்கத் தெரிந்தவர்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சியையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்டருக்குத் துரோகம். கோவையிலிருந்து ஜோல்னா பையோடு வருகிற திரைப்பட இயக்க நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. படம் புரியவில்லை என்று ஆயுளில் சொல்லாதவர். தூங்கினாலும் கண்ணாடியைக் கழற்றாமல் தூங்குவார். படிமம், மௌனம், வெளி என்று அவருக்கும் ஆறு சொற்கள்தான், என்ன, மாஸ்டருடைய சொற்களைவிடக் கொஞ்சம் கனம். வெளிநாட்டு விழாவில் பரிசு என்று தெரிந்தபிறகே அவருக்கு ஒரு படம் பிடிக்கும். மாஸ்டராவது தன் கண்ணால் பார்த்து ரிஜெக்ட் செய்கிறார். இவர் லேபிளைப் பார்த்து பாஸ் போடுகிறவர். திருப்பூரின் பனியன் சந்தையான காதர்பேட்டையில் ஒரு நல்ல லேபிளை ஒட்டி எந்தச் செகண்ட்ஸ் பனியனையும் அவர் தலையில் கட்டிவிடலாம்.

‘கொட்டுக்காளி’ எடுத்த பி.எஸ். வினோத்ராஜ் சிறுவயதில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர். பிறகு சென்னையில் டிவிடி கடையில் வேலைக்கு நின்று, அங்கே படம் பார்த்துப் பார்த்தே சினிமாவுக்குப் போனவர். முதல் படம் ‘கூழாங்கல்’ 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுதான். இதையெல்லாம் ஸ்கூட்டரிலேயே சொன்னேன். விருதுகளைச் சொன்னபோது மாஸ்டர் அசையவில்லை. பனியன் கம்பெனி என்றதும் நிமிர்ந்தார். “எந்த செக்‌ஷனுங்?” நான் பதில் சொல்வதற்குள் அவரே முடிவுகட்டினார்: “செக்கிங்காத்தான் இருக்கும். அந்தக் காளைமாட்டு சீன் செக்கிங்காரன் கண்ணு.”

அன்று ராத்திரியே என் போனில் ‘கூழாங்கல்’ பார்க்க உட்கார்ந்தார். குடிகார அப்பனும் மகனும் பொட்டல் காட்டில் நடக்கிறார்கள். முக்கால்வாசிப் படம் அதுதான். நான் பயந்துகொண்டே பக்கத்தில் இருந்தேன். மாஸ்டர் இரண்டு தடவை டேப்பைத் தடவினார், ஒரு தடவை தண்ணீர் குடித்தார். கடைசியில் பெண்கள் ஒரு சின்னக் குழியைச் சுற்றி உட்கார்ந்து, ஊறி வருகிற தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குடத்தை நிரப்புகிறார்கள். கேமரா அவசரப்படாமல் அங்கேயே நிற்கிறது. அந்த ஷாட் எவ்வளவு நேரம் என்று என்னைப் போன்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிடுவோம்.

படம் முடிந்தும் மாஸ்டர் போனைத் திருப்பித் தரவில்லை.

“லேக்குங்களா மாஸ்டர்?”

“இல்லீங்ணா. ஊத்துத் தண்ணி அப்படித்தானுங் ஊறும். எங்கம்மா பள்ளத்துல ஊத்துத் தோண்டி, கொட்டாங்குச்சில மொண்டு மொண்டு ஊத்தும். அவசரப்பட்டா கலங்கிரும். நான் குடத்துமேல கைய வெச்சுட்டு உக்காந்திருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தி, “நெறையற வரைக்கும் எந்திரிக்க முடியாதுங்” என்றார்.

ராட்டர்டாம் நடுவர்கள் அந்த ஷாட்டைப் பற்றி என்ன சொன்னாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது. என் ஜோல்னாப்பை நண்பரும் சொல்ல முடியாது. போனை நெஞ்சுயரத்துக்குத் தூக்கினேன். “இதையே சொல்லுங்க மாஸ்டர், எடுத்துடறேன்.”

கையால் மறைத்துவிட்டார். “இதை எப்படிங்ணா வாசல்ல நின்னுட்டு ரெண்டு நிமிசத்துல சொல்றது? வெச்சுப் பாக்கோணுமுங். காலைல ஏழரைக்கு ஷிப்ட், போய்ப் படுங்.”

அடுத்த வெள்ளிக்கிழமை ஒறம்பரை வந்தார்கள். பெரிய ஹீரோ படம். செகண்ட் ஹாஃப் லேக். ‘கூழாங்கல்’ பற்றி இன்றுவரை அவர் வீடியோ போடவில்லை. ‘கொட்டுக்காளி’ ரிஜெக்ட் வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று நானும் பலமுறை கேட்டுவிட்டேன். மாட்டேன் என்கிறார். அவர் சேனலில் 1,000 பேருக்கு மேல் பார்த்த ஒரே வீடியோ அதுதானாம்.