ஒரு பவுண்டுக்கு ஒரு ஜவுளிக்கடை

ஒரு பவுண்டுக்கு லண்டனில் உருப்படியாக ஒரு கப் டீகூடக் கிடைக்காது. ஆனால் 2015-ல் அதே ஒரு பவுண்டுக்கு 160-க்கும் மேற்பட்ட கிளைகளோடு ஒரு பழைய கடையே கைமாறியது. பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ், 1928-ல் பிறந்தது. விற்றவர் சர் பிலிப் கிரீன். வாங்கிய டொமினிக் சாப்பெலுக்குக் கடை நடத்திய அனுபவம் கிடையாது; மஞ்சக் கடுதாசி கொடுத்த அனுபவம் மட்டும் உண்டு.

பதின்மூன்றே மாதம். கடை மூழ்கியது. சுமார் 11,000 பேருக்கு வேலை போனது. ஓய்வூதிய நிதியில் 57.1 கோடி பவுண்டு ஓட்டை. அதே வருடம் சர் பிலிப்புக்குப் புதிதாக ஓர் உல்லாசக் கப்பல் வந்து சேர்ந்தது. (அதில் ஓட்டை இல்லை.)

கடைசி நாட்களில் அலமாரி, ஹேங்கர், சேலை கட்டாத நம் ஊர்க் கடைப் பொம்மை மாதிரி மொட்டையாக நின்ற பொம்மைகள் எல்லாவற்றுக்கும் விலை ஒட்டினார்கள். பொம்மைகளுக்காவது போக ஓர் இடம் கிடைத்தது.

கூச்சல் பெருத்தபின், 2017-ல் ஓய்வூதியத்துக்கு 36.3 கோடி பவுண்டு வரை தர கிரீன் ஒப்புக்கொண்டார். அதற்கு முன்பே, அவருடைய 'சர்' பட்டத்தைப் பறிக்கச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர்கள் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

பட்டம் பறிபோகவில்லை.