23 கிலோ கணக்கு

கனடாவுக்கு நிரந்தர வதிவாளராகப் புறப்படும் சென்னைக் குடும்பத்தின் ஆயத்தம் தராசில் தொடங்குகிறது. பெட்டிக்குப் பெரும்பாலும் 23 கிலோ. முதலிடம் குக்கருக்கு, அடுத்தது மிக்ஸிக்கு. இங்கே 230 வோல்ட், அங்கே 120 வோல்ட் என்பது மிக்ஸி மௌனம் சாதிக்கும்போதுதான் நினைவுக்கு வரும். மாவடு பாட்டிலுக்கு மூன்று பிளாஸ்டிக் உறை, குளிர்கோட்டுக்கு இடமில்லை.

எல்லை அதிகாரியிடம் காட்ட இரண்டு பட்டியல்கள் தேவை: கையோடு வரும் பொருள்கள், பின்னால் வரும் பொருள்கள். இரண்டாவதில் மாமியாரை எழுத முடியாது. அவருக்குத் தனி விண்ணப்பம்.

வதிவுரிமையைத் தக்கவைக்க 5 ஆண்டுகளில் 730 நாள் அங்கே இருக்க வேண்டும். சுமந்து போன குக்கர், கனடாவின் ஸ்கார்பரோ பகுதித் தமிழ்க் கடைகளிலேயே கிடைக்கிறது, விசிலோடு.