ஷெப்பெதோவ்காவில் பிறந்தவர்

2010இல் நான் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவ மாணவன். முதல் குளிர்காலத்திலேயே அண்ணாந்து பார்த்து நடக்கப் பழகிவிட்டேன். பழைய கட்டடங்களின் கூரையோரத்தில் ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி ஈட்டிகள் தொங்கும். நடைபாதையில் சிவப்பு வெள்ளை நாடா கட்டிவிட்டு மேலே ஒருவர் கடப்பாரையால் தட்டுவார். கீழே ஒருவர் விசில் ஊதி எங்களை நடுத்தெருவுக்கு விரட்டுவார். அது விழும் சத்தம் அடிவயிற்றில் இறங்கும். அந்தக் குளிர்காலங்களில் கூரைப்பனி விழுந்து உயிர்களும் போயின.

அப்போது நகரத்தின் ஆளுநர் வலென்தினா மத்வியென்கோ. அங்கே ஆளுநர் என்றால் நிர்வாகமே அவர் கையில். பனிக்கட்டியை லேசரால் அறுக்கலாமே என்று யோசனை சொன்னார். ஊரே சிரித்தது. எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருந்த பாட்டி சிரிக்கவில்லை. "கூரைக்கு அடியில் சூடு கசியாமல் அடைத்தாலே போதுமப்பா, ஈட்டி வளராது" என்றார்.

2011இல் மத்வியென்கோவுக்கு மாஸ்கோவில், நாடாளுமன்ற மேலவையின் தலைமைப் பதவி காத்திருந்தது. மேலவைக்குப் போக, முதலில் ஏதேனும் ஒரு மன்றத்துக்கு மக்கள் வாக்கில் தேர்வாகியிருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஏறக்குறைய 50 லட்சம் பேர் வாழும் நகரத்தை ஆண்டவர், ஆகஸ்டில் பெத்ரோவ்ஸ்கி, கிராஸ்னென்கயா ரேச்கா என்ற இரண்டு சின்ன வட்டார மன்றங்களின் இடைத்தேர்தலில் நின்றார். எங்கே நிற்கிறார் என்று ஊருக்குத் தெரிந்தபோது மனுத்தாக்கல் முடிந்திருந்தது. கிடைத்தது 90 சதவீதத்துக்கும் மேல். செப்டம்பரில் மேலவைத் தலைவர். 2024இலும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். தாங்கள் எதற்கு வழிவிடுகிறோம் என்று அந்த இரண்டு வட்டாரங்களில் யாருக்குத் தெரிந்திருக்கும்?

அவருடைய பிறந்த ஊரை நான் வெகுகாலம் கழித்துத்தான் கவனித்தேன். 1949, உக்ரைனின் ஷெப்பெதோவ்கா. 'வீரம் விளைந்தது' நாவலைப் படித்த தமிழர்களுக்கு அந்த ரயில் ஊர் அந்நியமில்லை. அதன் நாயகன் பாவெல் கர்ச்சாகின் வளர்ந்த ஊர். அட்டை கிழிந்த அப்பாவின் பிரதியில் அந்தப் பெயரை எத்தனை முறை எழுத்துக்கூட்டியிருப்பேன்! செர்க்காசியில் மருத்துவப் பள்ளி, லெனின்கிராடில் மருந்தியல் என்று படித்து வந்த பெண், என்னைப் போலவே நோய் தீர்க்கும் படிப்பு படித்தவர். அதை நினைத்தால் கோபத்தைவிட வலிதான் அதிகம்.

2014 மார்ச் 1 அன்று உக்ரைனில் படையை இறக்க ரஷ்ய அதிபர் மேலவையிடம் அனுமதி கேட்டார். 2022 பிப்ரவரி 22 அன்று நாட்டுக்கு வெளியே படையைப் பயன்படுத்த மறுபடி கேட்டார். இரண்டு நாளும் மேலவையில் எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. இரண்டு நாளும் தலைமை நாற்காலியில் இருந்தவர் ஷெப்பெதோவ்காவில் பிறந்தவர்.

அந்த வாரம் பாட்டிக்குப் போன் செய்தேன். போரைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. பேச்சின் நடுவே தடாலென்று ஒரு சத்தம். "பயப்படாதே, கூரையில் பனி தட்டுகிறார்கள்" என்றார்.