நொடிக்கு இரண்டு கோடி

2024 பிப்ரவரி 11. சூதாட்டத்துக்குப் பேர் போன லாஸ் வேகாஸில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டம். பீர் விளம்பரத்துக்கும் சிப்ஸ் விளம்பரத்துக்கும் நடுவே இயேசு வந்தார். 60 நொடி இருந்தார். போய்விட்டார்.

'ஹீ கெட்ஸ் அஸ்' என்ற விளம்பர இயக்கத்தின் கைங்கரியம். அன்று 30 நொடிக்குச் சந்தை விலை சுமார் 70 லட்சம் டாலர். நொடிக்கு ஏறக்குறைய 2 கோடி ரூபாய். ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் வைத்து ஐயாயிரம் பேரின் பசியாற்றியவர் பெயரில் இந்தச் செலவு! முந்தைய ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் வீடில்லாதவர்கள் மட்டும் ஆறரை லட்சம் பேர். அவர்களிடம் டிவி இல்லை. ஆகவே நற்செய்தியும் இல்லை.

விளம்பரப் படத்தில், இயேசு சீடர்களுக்குச் செய்தது போல, கால் கழுவுகிறார்கள். போலீஸ்காரர் கறுப்பினத்தவருக்கு. பாதிரியார் தன்பாலின ஈர்ப்புள்ளவருக்கு. குடும்பக் கட்டுப்பாட்டு கிளினிக் வாசலில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண். எல்லாம் அசையாத புகைப்படங்கள். கால் இருக்கிறது, பேசின் இருக்கிறது, தண்ணீர்தான் ஓடவில்லை.

அந்தக் கிளினிக் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். இயக்கத்துக்குப் பணம் தந்தவர்களில் 'ஹாபி லாபி' கடைகளின் கிரீன் குடும்பமும் உண்டு. ஊழியர் காப்பீட்டில் சில கருத்தடை முறைகளுக்குக் காசு தர மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் வரை போய், 2014-இல் ஜெயித்த கம்பெனி அது. இயக்கத்தை முதலில் நடத்திய அறக்கட்டளை வழியாகவே, கருக்கலைப்பையும் தன்பாலினத் திருமணத்தையும் எதிர்த்து வழக்காடும் அமைப்புக்குக் கோடிக்கணக்கான டாலர் போயிருக்கிறது. கோர்ட்டில் காலை வாருவது. டிவியில் அதே காலைக் கழுவுவது.

மற்ற கொடையாளர்களில் பெரும்பாலோர் பெயரே வெளியில் தெரியாது. வலக்கை கொடுப்பதை இடக்கைக்குச் சொல்லாதே என்ற போதனையை மட்டும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். கேட்டால், விளம்பரம் விசுவாசிகளுக்கு அல்லவாம். சந்தேகப்படுகிறவர்களுக்காம். ஐயா, அந்தச் சந்தேகம் இயேசு மேல் யாருக்கு இருந்தது? சரக்கு நல்ல சரக்கு. கடைக்காரரைத்தான் நம்ப முடியவில்லை. அதற்குப் பரிகாரமாக இன்னும் பெரிய பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள்.

2025-இல் மறுபடி வந்தார்கள். மேன்மை என்பது எது என்று கேட்டது புது விளம்பரம். அந்த ஆண்டு 30 நொடியின் விலை 80 லட்சம் டாலர் வரை ஏறியிருந்தது.